அரண்மனையில் மறைத்த வண்ணங்கள்

தாசேக் கெலுகோரில் எங்கள் பாட்டி வீட்டுச் சாமி மேடையில் தாமரை மீது நிற்கும் லட்சுமி படம் ஒன்று உண்டு. நம்மில் பலர் வீட்டிலும் அதே லட்சுமிதான். சேலையின் நிறம் மட்டும் மாறியிருக்கும். அந்த உருவத்துக்கு வழிகாட்டியவர் ராஜா ரவிவர்மா. அவர் புகழ் பாடப் பலர் உள்ளனர். வண்ணம் குழைக்கக் கற்றுக்கொள்ள அவர் பட்ட பாட்டை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

ரவிவர்மா 1848 ஏப்ரல் 29ஆம் நாள் திருவிதாங்கூர்ச் சீமையின் கிளிமானூரில் பிறந்தார். சுவரெல்லாம் கரியால் வரைந்த சிறுவனுக்கு முதல் ஆசான் தாய்மாமன் ராஜராஜ வர்மா. மாமனுக்குத் தெரிந்தது தஞ்சாவூர்ப் பாணி. 1862இல் மருமகனைத் திருவனந்தபுரம் அழைத்துச் சென்றார். மன்னர் ஆயில்யம் திருநாளின் ஆதரவு கிடைத்தது.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது. 1841இல் அமெரிக்கரான ஜான் ராண்ட் கண்டுபிடித்த ஈயக் குழாயில் அடைபட்டு எண்ணெய் வண்ணம் உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. ஆனால் அதைக் கலக்கும் முறை குழாயோடு சேர்ந்து வரவில்லையே! அரண்மனையில் அதை அறிந்தவர் மதுரையைச் சேர்ந்த இராமசாமி நாயக்கர். இளைஞருக்குக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டார். அவரை நான் முழுவதும் குறை சொல்ல மாட்டேன்; அந்த இரகசியம்தான் அவருக்குச் சோறு போட்டது. நாயக்கரின் உதவியாளர் ஆறுமுகம் பிள்ளைதான் ஆசானுக்குத் தெரியாமல் ரவிவர்மாவுக்குச் சில நுணுக்கங்களைச் சொல்லிக் கொடுத்தாராம். 1868இல் அரண்மனைக்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் கற்பிக்கவில்லை. தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். மீதியெல்லாம் ரவிவர்மா தாமே கலந்து, கெடுத்து, மீண்டும் கலந்து கற்றவை.

பார்த்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. மஞ்சள் காவி, சிவப்பு, நீலம், வெள்ளை என நான்கே குழாய்களை வைத்து நான் பழகியிருக்கிறேன். நம் மாநிறத்தை வெளுப்பாக்க வெள்ளையை அள்ளிப் போட்டால் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். காவியைக் கூட்ட வேண்டும். கன்னத்தின் நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தால் அழுக்காகிவிடும். துளி நீலம் போதும். எண்ணெய் வண்ணம் மெல்லக் காயும் என்பதால் ஈரத்திலேயே ஒளியையும் நிழலையும் இழைக்கலாம். அவசரப்பட்டால் எல்லாம் சேறு. எந்த நிறம் எவ்வளவு என்பதைக் கண்ணால் திருட முடியாது, கைதான் அறிய வேண்டும்.

ரவிவர்மாவின் கை அறிந்தது. கூந்தலில் மல்லிகை சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் 1873இல் சென்னைக் கண்காட்சியில் முதற்பரிசு பெற்றது; அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் பத்து ஓவியங்கள் சென்றன.

1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். கல்லச்சில் குழைப்பதற்கு இடமில்லை. நிறத்துக்கு ஒரு கல். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சிட்ட பிறகுதான் தாளில் முகம் தெரியும். கடன் ஏறவே, சில ஆண்டுகளில் அச்சகத்தை ஜெர்மானியத் தொழில்நுட்பர் ஷ்லைஹருக்கு விற்றுவிட்டார். வணிகமாகப் பார்த்தால் தோல்விதான். எனினும் அரண்மனை இரகசியமாக இருந்த வண்ணம் சில காசுகளுக்கு ஏழை வீட்டுச் சுவருக்கு வந்தது அங்கிருந்துதான்.

உடன் வரைந்த தம்பி ராஜராஜ வர்மா 1905இல் மறைந்தார். ரவிவர்மா 1906 அக்டோபர் 2ஆம் நாள் கிளிமானூரில் காலமானார்.