ஏசுவின் வழி நடந்த கணக்கர்

ஞாயிறு காலையில் ஏற்காட்டுத் தேவாலய மணியோசை சேர்வராயன் மலைச் சரிவெங்கும் கேட்கும். மறுநாள் அதே மக்கள் காப்பித் தோட்டத்திற்கும் கடைவீதிக்கும் அலுவலகத்திற்கும் செல்வர். ஞாயிறன்று கேட்ட அறவுரை திங்களன்று என்னவாகிறது? இம்மலையில் வளர்ந்த கிறிஸ்தவ மாணவன் என்ற முறையில் நான் அடிக்கடி எண்ணிப் பார்க்கும் கேள்வி இது. இதற்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே ஜே. சி. குமரப்பா.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்த அவருக்கு இட்ட பெயர் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். லண்டனில் கணக்கியல் பயின்று, பம்பாயில் தணிக்கையாளராகத் தொழில் நடத்தினார். மேனாட்டு உடை, நல்ல வருவாய், ஒன்றுக்கும் குறைவில்லை. பின்னர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றபோது, இந்திய வறுமைக்கு ஆங்கில அரசின் நிதிக்கொள்கை எவ்வாறு காரணமாயிற்று என்று ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சி அவரையே மாற்றிவிட்டது. 1929இல் சபர்மதியில் காந்தியடிகளைச் சந்தித்தார். கோட்டு போய்க் கதர் வந்தது. கொர்னேலியஸ் போய்க் குமரப்பா வந்தது.

உப்புச் சத்தியாக்கிரகக் காலத்தில், அகிம்சை ஏசு காட்டிய வழியாதலால் திருச்சபையினர் அதற்குத் துணைநிற்க வேண்டுமென்று வேண்டுகோள் விடுத்தார். கல்கத்தாப் பேராயர் உடன்படவில்லை. குமரப்பா பின்வாங்கவுமில்லை, தம் சமயத்தைக் கைவிடவுமில்லை. சிறை சென்றார்.

1934ஆம் ஆண்டு பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்கு அவரே கணக்குப் பொறுப்பாளர். காந்தியடிகளும் உடன் வந்தோரும் அங்கு தங்கிய செலவை அந்நிதியில் எழுத அவர் இசையவில்லை. துயருற்றோர் காசு துயருற்றோருக்கே என்பது அவர் துணிபு. காந்தியடிகளும் அதை ஏற்றார். ஏழையின் காசில் நேர்மை காப்பதும் இறைவழிபாடே என்பதை இதைவிடத் தெளிவாக யார் காட்ட முடியும்?

அவ்வாண்டே தொடங்கிய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தினார். 1942 போராட்டத்தை அடுத்து ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்கள் எழுதினார். ஒன்று ஏசுவின் வாழ்வும் போதனையும் பற்றியது. மற்றது நிலைத்த பொருளாதாரம் பற்றியது. இரண்டுக்கும் முன்னுரை வழங்கியவர் காந்தியடிகள். சமயம் ஒரு நூலிலும் சந்தை மற்றொரு நூலிலும் இருந்தாலும், அவருக்கு இரண்டும் ஒன்றே. ஒரு பொருளை வாங்குகிறவன், அது உண்டாக்கப்பட்ட முறையிலுள்ள நன்மை தீமைகளிலும் பங்காளியாகிறான் என்பது அவர் கொள்கை.

நண்பர்களே, 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் கொணர்ந்த காப்பிச் செடி இன்றும் ஏற்காட்டின் பிழைப்பாக இருக்கிறது. நாம் அருந்தும் காப்பிக்குப் பழம் பறித்த பெண்ணுக்கு உரிய கூலி கிடைத்ததா? மார்கழிக் குளிரில் அவள் பிள்ளைக்குப் போர்வை உண்டா? பிறரை நேசி என்னும் கட்டளை இக்கேள்விகளையும் உள்ளடக்கியதென்றே நான் கருதுகிறேன்.

இறுதி ஆண்டுகளை மதுரையை அடுத்த தே. கல்லுப்பட்டியில் எளிமையாகக் கழித்த குமரப்பா, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார். அவர் சேர்த்து வைத்த சொத்தென்று ஏதுமில்லை. ஆனால் தம் வரவு செலவை ஏசுவின் முன் கூசாமல் விரித்து வைக்கும் துணிவு அவருக்கு இருந்தது. அத்துணிவு நமக்கும் வாய்க்கட்டும்.