பூதம் பேசலாமா?

தட்டையான தலை. கழுத்தின் இரு பக்கமும் இரும்பு முளை. பாதி மூடிய கண்கள். காலில் கனத்த பூட்சு. தள்ளாடித் தள்ளாடி நடந்து வரும் ஓர் இராட்சத உருவம்.

இதை நீங்கள் எங்காவது பார்த்திருப்பீர்கள். சினிமாவில் இல்லாவிட்டாலும், பொம்மைக் கடையிலாவது பார்த்திருப்பீர்கள். அந்த உருவத்தின் பெயர் பிராங்கன்ஸ்டைன் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. பிராங்கன்ஸ்டைன் என்பது பூதத்தைப் படைத்த விஞ்ஞானியின் பெயர். பூதத்துக்குப் பெயரே கிடையாது.

பூதமாக நடித்தவருக்குப் பெயர் உண்டு. அவர்தான் போரிஸ் கார்லாப். அதுகூட அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர்தான்!

1931-ல் வெளிவந்த ‘பிராங்கன்ஸ்டைன்’ படத்தில் கார்லாப்பின் பூதம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. 1935-ல் அதன் தொடர்ச்சியாக ‘பிராங்கன்ஸ்டைனின் மணமகள்’ வந்தது. அதில் பூதம் பேசியது.

இரண்டில் எது உயர்ந்த படம்? இந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. படிப்பாளிகளில் பலர் இரண்டாவது படத்தின் பக்கம். ஆனால், கார்லாப் அவர்களோடு சேரவில்லை. பூதத்தைப் பேச வைத்தது பெரிய தவறு என்று அவர் கடைசி வரை சொல்லிவந்தார்.

தாம் நடித்த படத்துக்குத் தாமே எதிர்க்கட்சி! ஏன் அப்படி?

உப்பு இலாகா

கார்லாப் 1887-ம் ஆண்டு நவம்பர் 23-ந் தேதி லண்டனில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் வில்லியம் ஹென்றி பிராட். தகப்பனார் இந்தியாவில் உப்பு வரி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். ஆம், நம் நாட்டு உப்புக்கு வெள்ளைக்காரன் வரி போட்டானே, அதே இலாகாதான்!

தாய் வழியிலும் இந்தியத் தொடர்பு உண்டு. சயாம் அரசரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் புகழ் பெற்ற அன்னா லியோனோவன்ஸ், கார்லாப்பின் பாட்டிக்கு உடன் பிறந்தவர். அந்த அம்மாள் பிறந்த ஊர் அகமத்நகர். குடும்பத்தில் இந்திய இரத்தம் கலந்திருந்தது.

பிள்ளைகள் 9 பேர். வில்லியம் கடைக்குட்டி. சிறு வயதிலேயே தாயை இழந்த அவனை மூத்தவர்கள் வளர்த்தார்கள்.

பையனுக்கு ஒரு குறை இருந்தது. பேச்சு திக்கும். ‘ஸ’ என்ற ஒலி சரியாக வராது. திக்குவாயைப் பாடுபட்டுப் போக்கிக்கொண்டான். நாக்குத் தெற்றுவது மட்டும் கடைசி வரை போகவில்லை.

இப்படிப்பட்ட பிள்ளைக்கு நாடகத்தில் ஆசை! 9 வயதில் ‘சின்டரெல்லா’ நாடகத்தில் பூதராஜா வேஷம் போட்டான். முதல் வேஷமே பூதம்தான்.

அண்ணன்மார் பெரிய உத்தியோகத்துக்குப் போனார்கள். ஒருவர் ‘சர்’ பட்டமும் பெற்றார். தம்பியும் சர்க்கார் வேலைக்கு வர வேண்டும் என்று படிக்க வைத்தார்கள். தம்பியோ 1909-ல் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அங்கே பண்ணையில் கூலி வேலை செய்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். கூத்தாடி என்ற பெயர் குடும்பத்துக்கு வரக் கூடாது என்றுதான் பெயரை மாற்றிக்கொண்டார் என்று சொல்வார்கள். ஊர் ஊராகச் சுற்றினார். முடிவில் ஹாலிவுட் வந்து சேர்ந்தார். ஊமைப் படங்களில் கூட்டத்தோடு நிற்கும் வேஷம். இல்லாவிட்டால் வில்லனுக்கு அடியாள் வேஷம். அதுவும் இல்லாத நாட்களில் லாரி ஓட்டினார், மூட்டை தூக்கினார்.

சாப்பாட்டுக் கூடத்தில்

1931-ல் யுனிவர்சல் கம்பெனி பணக் கஷ்டத்தில் இருந்தது. ‘டிராகுலா’ என்ற பேய்ப் படம் நன்றாக ஓடவே, அடுத்து ஒரு பூதப் படம் எடுக்க முடிவு செய்தார்கள். டைரக்டர் ஜேம்ஸ் வேல். அவரும் இங்கிலாந்துக்காரர்தான்.

பூதமாக நடிக்க யார் என்று வேல் தேடிக்கொண்டிருந்தார். ஒருநாள் ஸ்டூடியோ சாப்பாட்டுக் கூடத்தில் எலும்பு துருத்திய ஒரு முகம் அவர் கண்ணில் பட்டது. அதுதான் கார்லாப். வயது 43. பல டஜன் படங்களில் நடித்தும் பெயர் தெரியாத நடிகர்.

மேக்கப் நிபுணர் ஜாக் பியர்ஸ், கார்லாப்பின் முகத்தில் தினமும் சுமார் 4 மணி நேரம் வேலை செய்தார். மண்டையை வெட்டித் திறந்து மூளையை வைத்தால் தலை பெட்டி மூடி மாதிரிதான் இருக்கும் என்று யோசித்துத் தலையைத் தட்டையாக்கினார். கண்கள் இவ்வளவு பளிச்சென்று இருக்கக் கூடாது என்று கார்லாப்புக்குப் பட்டது. இமைகளில் மெழுகு வைத்துக் கனமாக்கினார்கள். வாயில் இருந்த கட்டுப்பல்லைக் கார்லாப் கழற்றி வைத்துவிட்டார். ஒரு பக்கக் கன்னம் குழிந்து, பிணத்தின் களை வந்துவிட்டது!

படத்துக்கு ஆன செலவு சுமார் 2 லட்சத்து 90 ஆயிரம் டாலர். பெரிய கம்பெனிகளின் பிரமாண்டப் படங்களோடு பார்த்தால் இது சிக்கனம். வேறு ஒரு யுத்தப் படத்துக்குப் போட்ட கிராமத்து செட்டையே இதற்கும் வைத்துக்கொண்டார்கள். வானம் என்று கட்டிய திரையில் சில இடங்களில் சுருக்கம் தெரியும். ஆனால், பூதம் வந்துவிட்டால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை.

ஏரிக் கரை

முதல் படத்தின் உயிர் ஒரே ஒரு காட்சியில் இருக்கிறது.

ஏரிக் கரையில் ஒரு சிறுமி தனியாக விளையாடிக்கொண்டிருக்கிறாள். பூதம் வருகிறது. குழந்தை பயப்படவில்லை. அதன் கையைப் பிடித்து அழைத்துப் போய்ப் பூக்களைக் கொடுக்கிறாள். இருவரும் பூக்களை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுகிறார்கள். பூக்கள் மிதக்கின்றன. பூதம் முதல் தடவையாகச் சிரிக்கிறது. பூக்கள் தீர்ந்துவிடுகின்றன. குழந்தையும் பூவைப் போல மிதக்கும் என்று நினைத்து, அவளைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிடுகிறது. அவள் மிதக்கவில்லை.

இந்தக் காட்சி கார்லாப்புக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைத் தூக்கி எறிவது கூடாது என்று வாதாடினார். குழந்தை சாகத்தான் வேண்டும் என்று வேல் பிடிவாதமாக நின்றார்.

தணிக்கைக்காரர்கள் வந்தார்கள். பூதம் குழந்தையை நோக்கிக் கையை நீட்டும் இடத்தோடு கத்தரித்துவிட்டார்கள். அதனால் விபரீதம்தான் விளைந்தது! அடுத்து என்ன நடந்திருக்குமோ என்று பார்த்தவர்கள் தாங்களே பயங்கரமாகக் கற்பனை செய்துகொண்டார்கள். அறியாமல் செய்த பிழை, கொடூரக் கொலையாகத் தோன்றியது.

படம் பிரமாதமாக ஓடியது. ஆரம்பத்தில் வரும் நடிகர் பட்டியலில் பூதத்துக்கு நேராகக் கேள்விக்குறிதான் இருந்தது. முதல் காட்சிக்குக்கூடக் கார்லாப்பை அழைக்கவில்லை என்பார்கள். சில வாரங்களில் அவர் நட்சத்திரமாகிவிட்டார். குழந்தைகளிடம் இருந்து கடிதங்கள் குவிந்தன. பயந்துபோய் எழுதியவை அல்ல. பூதத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது என்று எழுதியவை!

பேசாமல் இருந்ததால்தான் அந்தப் பாவம் பிறந்தது என்று கார்லாப் நம்பினார்.

1933-ல் ஒரு படத்தில் நடிக்க லண்டன் போனார். அண்ணன்மார் என்ன சொல்வார்களோ என்ற பயம் அவருக்கு. தம்மோடு சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்வார்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அந்தப் பெரிய மனிதர்கள் யார் எங்கே நிற்பது என்று போட்டி போட்டார்களாம்!

குருடர் குடிசை

வேலுக்கு இரண்டாவது படம் எடுக்க மனமில்லை. கம்பெனி விடவில்லை. எடுப்பதானால் வேறு மாதிரி எடுப்போம் என்று இறங்கினார். செலவு சுமார் 4 லட்சம் டாலர். முதல் படத்தில் பின்னணி இசையே இல்லை என்று சொல்லலாம். இதற்கு பிரான்ஸ் வாக்ஸ்மன் இசை அமைத்தார். வேடிக்கையும் கேலியும் கலந்தன. கார்லாப்புக்குத் தண்ணீர்க் காட்சியில் விழுந்து இடுப்பில் அடிபட்டது. கட்டோடு நடித்தார்.

பூதம் பேச வேண்டும் என்றும் தீர்மானம் ஆயிற்று. கார்லாப் மறுத்துப் பார்த்தார். பலிக்கவில்லை. பேச வேண்டி வந்ததால் கட்டுப்பல்லை மறுபடி மாட்டிக்கொண்டார். கன்னக் குழி போய்விட்டது. இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால், பூதம் கொஞ்சம் சதை போட்ட மாதிரி தெரியும்.

முதல் படத்தின் கட்சிக்காரர்கள் சொல்வது இதுதான்: பூதத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டும், சிரிக்கக் கூடாது. கேலி கலந்ததும் பயம் போய்விட்டது. பூதம் சுருட்டுப் பிடிப்பதைப் பார்த்து யார் நடுங்குவார்கள்?

இரண்டாவது படத்தின் கட்சிக்காரர்களுக்கு மூல நூலே சாட்சி. மேரி ஷெல்லி 1818-ல் வெளியிட்ட நாவலில் பூதம் நன்றாகப் பேசும், புத்தகமும் படிக்கும். அதை ஊமையாக்கியது சினிமாக்காரர்கள்தான்.

என்னைக் கேட்டால், குருடர் குடிசைக்குத்தான் என் ஓட்டு. ஊரார் விரட்ட, காட்டில் ஓடும் பூதம் ஒரு குடிசைக்குள் நுழைகிறது. அங்கே கண் தெரியாத ஒரு கிழவர் பிடில் வாசித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பூதத்தின் முகம் தெரியாது. அதனால் பயமும் இல்லை. உணவு கொடுக்கிறார். காயத்துக்கு மருந்து போடுகிறார். தமக்கு ஒரு துணை கிடைத்ததே என்று கடவுளுக்கு நன்றி சொல்கிறார். பூதத்தின் கன்னத்தில் கண்ணீர் வழிகிறது. ரொட்டி, நண்பன் என்று சின்னச் சின்னச் சொற்களைக் குழந்தை மாதிரி கற்றுக்கொள்கிறது. நல்லது எது, கெட்டது எது என்று இரண்டு சொல் கற்கிறது.

அந்தச் சொற்களைக் கார்லாப் சொல்கிற விதத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றும் தொண்டையில் சிக்கி, முட்டி மோதி வெளியே வருகிறது. சின்ன வயதில் திக்கிய நாக்குக்கு அந்த வேதனையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேச்சு வேண்டாம் என்று வாதாடியவர், பேச்சு வேண்டும் என்று தம் நடிப்பாலேயே எதிர்க்கட்சிக்கு சாட்சி சொல்லிவிட்டார்!

ஆனால், மணமகளைப் பற்றிய பாதி எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. எல்சா லான்செஸ்டரின் மின்னல் கோடு போட்ட கூந்தல் உலகப் புகழ் பெற்றது, வாஸ்தவம். அவள் வருவதோ கடைசிச் சில நிமிடங்கள்தான்.

மூன்றாவது படம் 1939-ல் வந்தது. அதில் பூதம் மறுபடி ஊமை. நடிப்பதற்கு அதில் ஒன்றும் மிச்சம் இல்லை என்று கண்டுகொண்ட கார்லாப், அதன்பின் எந்தச் சினிமாவிலும் அந்தப் பூத வேஷத்தைப் போடவில்லை.

மேக்கப் இல்லாத கார்லாப் சாதுவான மனிதர். கிரிக்கெட் பிரியர். தொடர்ந்து 25 மணி நேரம்வரை வேலை வாங்கிய ஸ்டூடியோ முறையை எதிர்த்து, 1933-ல் நடிகர்கள் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். குழந்தைகளுக்காக இசைத்தட்டுகளில் கதை சொன்னார். 1966-ல் ‘கிரிஞ்ச்’ என்ற கார்ட்டூன் படத்துக்குக் குரல் கொடுத்தார். முகமே தெரியாது, வெறும் குரல்தான். அந்த இசைத்தட்டுக்குக் கிராமி பரிசு கிடைத்தது.

நுரையீரல் கெட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைசிப் படங்களில் நடித்தார். 1969-ம் ஆண்டு பிப்ரவரி 2-ந் தேதி இங்கிலாந்தில் காலமானார். வயது 81.

காப்பாற்றி வைக்க வேண்டிய படங்கள் என்று அமெரிக்க நாட்டு நூலகம் வைத்திருக்கும் பட்டியலில் முதல் படம் 1991-லும், இரண்டாவது படம் 1998-லும் இடம் பெற்றன. கத்தரித்த ஏரிக் கரைக் காட்சி 1980-களில் திரும்பச் சேர்க்கப்பட்டது. குழந்தை மூழ்குவதும், என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் பூதம் கைகளைப் பிசைந்துகொண்டு தள்ளாடி ஓடுவதும் இப்போது படத்தில் இருக்கின்றன.