கப்பலின் செப்புத் தகடும் சேர் ஹம்ப்ரி டேவியும்

லண்டன் கிரீன் பார்க் நிலையத்துக்கு அருகே, அல்பமார்ல் வீதியில் ரோயல் இன்ஸ்டிடியூஷன் நிற்கிறது. எம்மவர் பலர் அதைத் தாண்டி வேலைக்குப் போயிருப்போம். 1801இல், 22 வயதில் அங்கே வேலைக்கு வந்தவர் ஹம்ப்ரி டேவி.

பிறந்தது 1778இல், கோர்ன்வோலின் பென்சான்ஸ் ஊரில். மரம் செதுக்கும் தகப்பன் கடனை விட்டுவிட்டுக் கண்மூட, மகன் மருந்து செய்பவர் ஒருவரிடம் தொழில் பழகினார். பல்கலைக்கழகம் போகவில்லை. 1807இல் மின்சாரத்தால் பொட்டாசியத்தையும் சோடியத்தையும் பிரித்தெடுத்தார். 1815இல் சுரங்கத் தொழிலாளருக்குப் பாதுகாப்பு விளக்குச் செய்தார், காப்புரிமை எடுக்கவில்லை. 1820இல் ரோயல் சொசைட்டியின் தலைவரானார். இவை பள்ளிக்கூடத்தில் படித்தவைதான். கணக்கெழுதிப் பிழைக்கும் எங்களை இழுப்பது அவருடைய கப்பல் கதை.

அக்காலக் கடற்படைக் கப்பல்களின் மர அடிப்பாகத்தைக் கடற்புழு துளைக்காதிருக்கச் செப்புத் தகடு அடிப்பார்கள். அதை உப்புநீர் அரித்துவிடும். மாற்றுவதோ பெருஞ்செலவு. கடற்படை டேவியைக் கேட்டது. 1824இல் அவர் சொன்ன வழி எளியது: செம்போடு கொஞ்சம் துத்தநாகமோ இரும்போ தொட்டிருந்தால் அரிப்பை அது ஏற்றுக்கொள்ளும், செம்பு தப்பிவிடும். மைக்கேல் பரடேயும் இந்த வேலையில் உதவினார். கொச்சியில் கட்டப்பட்ட சமராங் கப்பலில் இரும்புக் கட்டிகளைப் பொருத்தி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். செம்பு தப்பியது.

ஆனால் இப்படிக் காத்த கப்பல்களின் அடியில் பாசியும் கொட்டலசும் அப்பத் தொடங்கின. செம்பு சிறிது சிறிதாகக் கரைந்ததுதான் அந்த உயிர்களுக்கு நஞ்சாக இருந்திருக்கிறது. கரைவது நின்றதும் அவை குடியேறிவிட்டன. கப்பலின் வேகம் குறைந்தது. இன்று உலோகத்தில் படிந்த துருவை லேசர் கதிரால் நீக்குகிறார்கள். அன்று கப்பலைத் துறைக்குக் கொண்டுவந்து கையால்தான் சுரண்ட வேண்டும். தகட்டுச் செலவில் மிச்சம், சுரண்டும் செலவில் நட்டம். ஒரு பத்தியை மட்டும் பார்த்து இலாபம் என்று சொன்னால் இப்படித்தான்.

கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. டேவி கேலிக்கு ஆளானார். அது நியாயமில்லை என்பது எங்கள் எண்ணம். கேட்ட கேள்விக்கு அவர் சரியாகத்தான் பதில் சொன்னார். உடல் நலிந்து 1827இல் தலைவர் பதவியை விட்டவர், 1829 மே 29இல் ஜெனீவாவில் 50 வயதில் இறந்தார்.

பின்னாளில் கப்பல்கள் இரும்பாகவும் எஃகாகவும் மாறியபோது அவருடைய துத்தநாகக் கட்டி திரும்பி வந்தது. இன்றும் கப்பல்களின் அடியில் அதைப் பொருத்துகிறார்கள். பாசி பிடிக்காமல் இருக்கப் பூசும் பூச்சில் தனியாகச் செம்புச் சேர்மம் கலக்கிறார்கள்.