ராயக்கோட்டையை வரைந்த தாமஸ் டேனியல், தோட்டம் வடிவமைத்தது எப்படி?

தொரப்பள்ளி, ஓசூர் பக்கத்துக்காரர்களுக்கு ராயக்கோட்டை மலை புதுசு இல்லை. அதை 1792-ல் நேரில் வந்து வரைந்து, பின்னர் லண்டனில் அச்சிட்டவர் தாமஸ் டேனியல்.

யார் இவர்?

1749-ல் இங்கிலாந்தில், சத்திரக்காரர் மகனாகப் பிறந்தவர். குதிரை வண்டிகளுக்கு வண்ணம் தீட்டிப் பிழைத்தார். 1773-ல் ராயல் அகாடமி பள்ளியில் சேர்ந்தார். படிச்சும் பெரிய வாய்ப்பு வரலை. 1785-ல், தகப்பனை இழந்த 16 வயது சகோதரர் மகன் வில்லியமோடு கப்பல் ஏறினார்.

எப்படி வரைந்தார்கள்?

'கேமரா அப்ஸ்குரா' என்ற இருட்டுப்பெட்டிக்குள் காட்சி விழும். அதன் கோட்டை பென்சிலில் எடுத்து, பிறகு வண்ணம் கொடுப்பார்கள். மலை எவ்வளவு உயரம், மரம் எவ்வளவு தூரம் என்ற அளவு முதலில், அழகு அப்புறம். வில்லியம் தொழில் கற்றது இந்தப் பயணத்தில்தான்.

பாராமகால் அப்போதுதான் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு மாறியிருந்தது. ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திரதுர்க்கம் எல்லாம் படமாயின. ஆனால் அவற்றில் அமைதியான மலைதான் பிரதானம்; போரில் அடிபட்ட ஜனங்களின் பாடு தெரியாது.

தோட்டம் எங்கே வந்தது?

1795 முதல் 1808 வரை 144 படங்கள் வெளிவந்தன. அந்தப் பேரைக் கேட்டு, இங்கிலாந்தின் செசின்கோட் மாளிகைத் தோட்டத்துக்கு யோசனை சொல்ல அழைத்தார்கள். சூரியன் கோயில், நந்தி வைத்த பாலம், குளம் என அங்கே இந்தியா எழுந்தது. பார்த்து வரைந்த கைதான் நிலத்தையும் வடிவமைத்தது.

1840-ல் மறைந்தார். நிலவடிவமைப்பு படிக்கும் பிள்ளைகள், ராயக்கோட்டைக்கு ஒரு பென்சிலோடு போய்ப் பார்க்கலாம்.