சோபியா பிளாக்மோர் அம்மையார்

ஒருவர் எய்திய புகழைக் கொண்டு அவர்தம் வாழ்வை அளந்தறிதல் எளிது. அவரால் பிறர் எய்திய வாழ்வைக் கொண்டு அளந்தறிதல் அரிது. அரிதாயினும் பின்னதே நேரிய அளவாகும். அவ்வளவையால் நோக்குமிடத்து, சென்ற நூற்றாண்டுகளில் கீழ்த்திசை நாடுகளுக்குத் தொண்டு செய்ய வந்த பெண்மணிகளுள் சிங்கப்பூர் சோபியா பிளாக்மோர் அம்மையாருக்கு உயர்ந்ததோர் இடம் உண்டு. அவர் ஆஸ்திரேலியாவிற் பிறந்தவர். அமெரிக்க மாதர் சங்கத்தால் அனுப்பப்பெற்றவர். சீனரும் மலாய்க்காரரும் பெரும்பாலராக வாழ்ந்த நகரிற் பணியாற்றியவர். ஆயினும் அவர்தம் முதற் பள்ளி தமிழ்ப் பெண்மக்களுக்காகவே தொடங்கப்பெற்றது. இவ்வொன்றே அவர் வரலாற்றை யாம் ஈண்டு எழுதத் துணிந்தமைக்குப் போதிய காரணமாகும்.

எடப்பாடியைச் சூழ்ந்த சிற்றூர்களில், மலாய் நாட்டுக்குச் சென்று மீளாதவர்களைப் பற்றி முதியோர் பேசுவதை யாம் இளமையிற் கேட்டதுண்டு. சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சத்தாலும் கடனாலும் நைந்த மக்கள் பலர் நாகப்பட்டினத்திற் கப்பலேறினர். சஞ்சிக்கூலிகளாய்ச் சென்றோர் கரும்புத் தோட்டங்களிலும் காப்பித் தோட்டங்களிலும் உழைத்தனர். அம்முறை மலாய் நாட்டில் 1910-ஆம் ஆண்டில் ஒழிக்கப்பெறும் வரை நிலவியது. வேறு சிலர் நகரங்களிலே தங்கிப் பல தொழில்களை மேற்கொண்டனர். அவ்வாறு தமிழர் சென்று தங்கிய நகரங்களுள் தலையாயது சிங்கப்பூர்.

ராஃபிள்ஸ் துரை 1819-ஆம் ஆண்டில் வாணிகக் களமாக அமைத்த அச்சிறு தீவு, 1867-இல் ஆங்கில அரசின் நேராட்சிக்கு உட்பட்ட குடியேற்ற நாட்டின் தலைநகராயிற்று. ஆங்குள்ள அந்திரேயர் பேராலயம் இந்தியக் கைதிகளின் கைகளால் எழுப்பப்பெற்றதாகும். நகரத்தார் வட்டிக்கடை வைத்தனர். தமிழ் முஸ்லிம்கள் கடை நடத்தினர். ஏழைத் தமிழர் படகிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தனர். சம்பாதித்த பின் ஊர் திரும்புவோம் என்ற எண்ணத்தோடு வந்த ஆடவரே அங்கு மிகுதி, பெண்டிர் சிலரே. அச்சிலருடைய கல்வியைக் குறித்துக் கவலை கொண்டவரோ மிகமிகச் சிலர்.

இந்நகருக்கு மெதடிஸ்த திருச்சபை வந்த வழியும் நம் நாட்டு வழியேயாகும். பெங்களூரில் 1854-இற் பிறந்து, நில அளவைத் தொழில் பயின்று, பின்னர் ஊழியத்திற்குத் தம்மை ஒப்புவித்த வில்லியம் ஓல்டாம் ஐயரும் அவர் மனைவியாரும், தோபர்ன் ஐயருடன் 1885-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களிற் சிங்கப்பூரை அடைந்தனர். நகர மண்டபத்திற் கூட்டங்கள் நடைபெற்றன. அத்திங்களிலேயே சிறியதொரு சபை அமைந்தது. அடுத்த ஆண்டு மார்ச்சு முதல் நாளன்று, பதின்மூன்று சிறுவர்களைக் கொண்டு ஓல்டாம் ஐயர் ஆங்கிலோ-சீனப் பள்ளியைத் தொடங்கினார். ஆண்மக்களுக்குக் கல்வி வாயில் திறந்தது. பெண்மக்களுக்கோ அது மூடியே கிடந்தது. அதனைத் திறக்கப் பெண்ணொருத்தியே வேண்டும் என்பதை ஓல்டாம் தம்பதியர் விரைவில் உணர்ந்தனர். அந்நாளில் அந்நகரத்து இல்லங்களின் உட்கட்டுக்குள் அயல் ஆடவர் நுழைதல் இயலாது, பெண்ணாயின் நுழையலாம்.

அமெரிக்க மெதடிஸ்த பெண்கள் 1869-ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரிற் கூடி அயல்நாட்டு ஊழிய மாதர் சங்கம் ஒன்றை நிறுவியிருந்தனர். லக்னோவிற் பெண் கல்விக்கு வித்திட்ட இசபெல்லா தோபர்ன் அம்மையாரையும், மருத்துவ அம்மையார் கிளாரா சுவெயினையும் இந்தியாவுக்கு அனுப்பியது அச்சங்கமேயாகும். சிங்கப்பூரின் தேவை அச்சங்கத்தின்முன் வைக்கப்பட்டபோது பொருளில்லை என்று பலர் தயங்கினர். அப்போது மின்னசோட்டா நாட்டவராகிய மேரி நைண்ட் அம்மையார் எழுந்து, மூவாயிரம் டாலர் திரட்டித் தருவதாக வாக்களித்தார். பனியால் உறையும் வடபுலத்துப் பெண்கள், தாம் ஒருகாலும் கண்டறியாத நிலநடுக்கோட்டு நகரத்துப் பெண்களுக்காகத் தங்கள் சிறு காசுகளைச் சேர்த்தனர். பொருள் கிடைத்தது, அனுப்புதற்குரிய ஆள் கிடைக்கவேண்டியிருந்தது.

அவ்வாள் வேறொரு கண்டத்திலிருந்து வந்தார். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தைச் சார்ந்த கோல்பர்ன் என்னும் ஊரில் 1857-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18-ஆம் நாள் பிறந்த சோபியா பிளாக்மோர், இளமை முதலே பக்தியில் வளர்ந்தவர். அமெரிக்க நற்செய்தியாளராகிய இசபெல்லா லியோனார்டு அம்மையாரின் நட்பு அவருடைய உள்ளத்தில் உறங்கிய அழைப்பை எழுப்பிற்று. அவ்வம்மையாரின் துணையோடு அவர் முதலில் இந்தியாவுக்கு வந்தார். இங்கே சில காலம் தங்கி, மிஷன் பணி நடக்கும் முறையைக் கண்டறிந்தார். பிறப்பால் ஆஸ்திரேலியராயினும் அமெரிக்க மாதர் சங்கம் அவரைத் தன் ஊழியராக ஏற்றுக்கொண்டது. 1887-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், தம் முப்பதாம் வயது நிரம்புமுன், அவர் சிங்கப்பூரிற் கால் வைத்தார்.

அவர் வந்த சில கிழமைகளுக்குள் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரித்துரைப்போம். நகரிலிருந்த தமிழ் வணிகர் சிலர், தம் பெண்மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டுமென விரும்பி முன்வந்தனர். அவர்கள் வாயளவில் வேண்டிக்கொண்டு வாளாவிருந்தாரல்லர், பொருளுதவியும் செய்தனர். ஷார்ட் தெருவில் ஒரு கடைவீடு பள்ளியாயிற்று. ஆகஸ்டுத் திங்களிலேயே ஒன்பது தமிழ்ச் சிறுமியரோடு தமிழ்ப் பெண்கள் பள்ளி தொடங்கியது. ஒன்பது பேர் என்பது சிறு தொகையே. ஆயினும் லக்னோவில் இசபெல்லா தோபர்ன் அம்மையார் தொடங்கிய பள்ளியில் முதல்நாள் வந்தவர் அறுவரேயாவர். பெருமரங்களின் வித்துக்கள் சிறியவாகவே இருத்தலை ஆலமரத்தைக் கண்ட நாம் அறிவோம்.

பெண்ணுக்குக் கல்வி வேண்டாமென்று தடுத்த தந்தையரைப் பற்றியே பலகாலும் கேட்டுப் பழகிய செவிக்கு, இச்செய்தி புதிதாயும் இனிதாயும் உள்ளது. தாய்நாட்டைவிட்டு வந்து, மொழி வேறுபட்ட நகரில் வாழ்ந்த அத்தமிழர், பிறர் வந்து கேட்குமுன் தாமே கேட்டனர். மிஷனின் பணியென வரலாறு போற்றும் இப்பள்ளியின் அடிக்கல்லிற் பாதி தமிழ்த் தந்தையர் இட்டதாகும்.

இதற்கு நேர்மாறான நிலையை அம்மையார் சீனர் இல்லங்களிற் கண்டார். நெடுங்காலமாக அங்குக் குடியேறி, மலாய் மொழியே பேசி வாழ்ந்த சீனக் குடும்பத்தினரைப் பெரனாக்கர் என்ப. அவர்தம் பெண்கள் பருவமெய்தியபின் திருமணம் வரை வீட்டைவிட்டு வெளிவருதல் வழக்கமன்று. அம்மையார் மலாய் மொழியைப் பயின்றார். பின்னர் வெயிலென்றும் மழையென்றும் பாராது வீடுவீடாய்ச் சென்று, தாய்மாரிடத்து அமர்ந்து பேசினார். எங்கள் பெண்களுக்குப் படிப்பு எதற்கு, அவர்கள் சமைக்கவும் தைக்கவும் அறிந்தால் போதாதா என்ற விடையே பல வாயில்களிற் கிடைத்தது. அம்மையார் அதற்கு வாதம் தொடுத்தாரல்லர், மறுநாளும் சென்றார். இறுதியில் சீனக் கைம்பெண்ணொருத்தி தம் வீட்டையே பள்ளி நடத்தத் தந்தார். 1888-ஆம் ஆண்டில் ஒரு சிலரோடு அங்குத் தொடங்கிய அப்பள்ளியே பின்னர்த் தெலோக் ஆயர்ப் பெண்கள் பள்ளியாயும், அதன்பின் ஃபேர்ஃபீல்டு பள்ளியாயும் வளர்ந்தது.

பகலிற் பயின்று மாலையில் வீடு திரும்புவோருக்குப் பள்ளி போதும். வீடே இல்லாதவருக்கு யாது செய்வது? தாய் தந்தையரை இழந்தோர், வறுமையால் விற்கப்பட்டோர், பிறர் வீட்டில் அடிமை போல் உழைத்து அடியுண்டோர் எனப் பல சிறுமியர் அத்துறைமுக நகரில் இருந்தனர். அவர்களுக்காக 1890-ஆம் ஆண்டளவில் அம்மையார் ஓர் இல்லம் அமைத்தார். அதற்குப் பொருள் திரட்டிய மூதாட்டியின் நினைவாக அது நைண்ட் இல்லம் எனப் பிற்காலத்திற் பெயர் பெற்றது. அங்கே வளர்ந்த பெண்கள் கல்வியோடு தையலும் சமையலும் கற்றனர், சிலர் ஆசிரியைகளாயினர், சிலர் வேதம் போதிக்கும் பெண்களாயினர். தாமே ஈன்ற மக்களில்லாத அம்மையாரை அன்னையெனக் கருதியோர் மிகப் பலர். நகர மிஷன் என்பது மேடைமேல் நின்று பேசுவது மட்டுமன்று, இரவிற் கதவைத் தட்டும் குழந்தைக்குக் கதவைத் திறப்பதுமாகும் என்பதை அவ்வில்லம் காட்டிற்று.

இல்லங்களிற் பெற்ற நட்பு வழிபாட்டிற்கும் வழி வகுத்தது. மலாய் மொழி பேசும் சீனர்களுக்கென 1894-ஆம் ஆண்டில் அம்மொழியிலேயே ஆராதனை தொடங்கப்பெற்றது. அதிலிருந்து வளர்ந்த சபை இன்று கம்போங் கப்போர் மெதடிஸ்த ஆலயமாய் விளங்குகின்றது. அவ்வாலயக் கட்டடம் 1930-இல் எழுந்தது. மலாய் மொழியில் வெளிவந்த கிறிஸ்தவ இதழ் ஒன்றிலும் அம்மையாரின் கை இருந்தது. நண்பன் என்பது அதன் பெயரின் பொருளாகும். மக்கள் பேசும் மொழியிலேயே மக்களோடு பேசவேண்டும் என்னும் கொள்கையை அவர் இறுதிவரை கைவிடவில்லை.

அம்மையார் தொண்டாற்றிய காலம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அவர் வந்த போது கடைவீட்டில் இருந்த தமிழ்ப் பெண்கள் பள்ளி, எல்லா இனத்துச் சிறுமியரையும் ஏற்று, மெதடிஸ்த பெண்கள் பள்ளி என்னும் பெயரோடு ஓங்கியது. 1925-ஆம் ஆண்டில் அது சோபியா குன்றின்மேற் புதிய இடம் பெற்றது. அக்குன்றின் பெயர் அம்மையாரால் வந்ததென்று எண்ணுவாரும் உளர். அது அவர் வருமுன்னரே வழங்கிய பெயராகும். 1928-ஆம் ஆண்டளவில் முதுமையால் ஓய்வு பெற்று அவர் தாய்நாடு திரும்பினார்.

அவர்தம் இறுதி ஆண்டுகள் துயர் நிறைந்தவை என்றே கருதவேண்டியுள்ளது. 1942-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களிற் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. தம் வாழ்நாளின் செழும்பகுதியைச் செலவிட்ட நகரம் பகைவர் கையிற் சிக்குண்டு தவிக்கையில், 1945-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், எண்பத்தேழாம் வயதில், அம்மையார் ஆஸ்திரேலியாவில் இறைவனடி சேர்ந்தார். இரண்டு திங்கள் கழித்து அந்நகரம் விடுதலை பெற்றது. தாம் நட்டவை மீண்டும் தளிர்த்ததைக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அறுப்பவர் ஒருவர், விதைப்பவர் ஒருவர் என்பது ஊழியத்தின் இயல்பன்றோ! அப்பள்ளி 1992-ஆம் ஆண்டில் மற்றோரிடத்திற்கு மாறிற்று. அது நிற்கும் சாலைக்குப் பிளாக்மோர் சாலை என்றே பெயர்.

மிஷனரிமாரின் தொண்டைப் புகழ்வதோடு அமையாது, அதன் குறைகளையும் நோக்குதல் மாணாக்கராகிய எம் கடமை. அவர்கள் ஆங்கில அரசின் நிழலிலே பணியாற்றினர். சஞ்சிக்கூலிகளின் துயருக்கு மூலமான முறையை அவ்வரசே காத்து நின்றது. நகரத்துச் சிறுமியருக்கு ஒளி காட்டிய மிஷன், தோட்டத்திற் கூலிக்கு வாடிய தாயருக்குச் செய்தது சிறிதே. மேலும், தமிழென்னும் பெயரோடு பிறந்த பள்ளியின் பெயரில் இன்று அச்சொல் இல்லை. இது எமக்குச் சிறிது வருத்தந் தருகின்றது. ஆயினும் ஒரு மொழியினருக்காகத் திறந்த கதவு பல மொழியினருக்கும் திறந்தபோது பெயர் அகன்றதே தவிர, பயன் குன்றவில்லை என்று மனந்தேறுகின்றோம்.

ஈண்டு எம் ஊர் நினைவுக்கு வருகின்றது. எடப்பாடியில் தறியொலி கேளாத தெரு அரிது. எம்மோடு தொடக்கப் பள்ளியில் ஒரே பலகையில் அமர்ந்து பயின்றவள் ஒருத்தி, கணக்கில் எம்மினும் வல்லவள். அவள் பத்தாம் வகுப்போடு நின்றாள். வீட்டில் கடன் இருந்தது. தறிக்குக் கை வேண்டியிருந்தது. அவளை நிறுத்திய தந்தை கொடியவரல்லர். தம்பியைப் படிக்க வைத்தவர் அவரே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, எம் கையிலுள்ள நூலை அவள் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவாள். ஒன்றும் பேசாள். அவள் முன் எம் படிப்பைக் குறித்துப் பெருமை பேச நா எழுவதில்லை.

1887-ஆம் ஆண்டில் அயல்நாட்டில் வாழ்ந்த தமிழ்த் தந்தையர் சிலர் தம் பெண்களுக்குப் பள்ளி கேட்டனர். அயல்நாட்டுப் பெண்ணொருத்தி அதைக் கொடுத்தார். பனிநாட்டு மாதர் காசு அனுப்பினர். கேட்பவரும் கொடுப்பவரும் அனுப்புபவரும் ஒருங்கே கூடியவிடத்துத்தான் ஒன்பது சிறுமியர் பலகையைக் கையிலெடுத்தனர். இம்மூவருள் ஒருவராதல் நம்மில் எவருக்கும் இயலாததன்று. கல்லூரியை விட்டுச் செல்லும் நண்பர்கள் ஆசிரியராயினும் வணிகராயினும் அலுவலராயினும், தம் ஊரில் நின்றுபோன ஒரு பெண்ணின் படிப்பை மீளத் தொடங்குவிப்பாராக. அம்மையாரின் நினைவுக்கு அதனினும் சிறந்த வணக்கம் யாம் அறியோம்.