சார்லி சாப்ளின்

பிறந்த நாட்டை விட்டுத் தொழிலின் பொருட்டு வேறொரு நாட்டுக்குச் செல்வோர் அங்கே இருவகை இசைவு பெறுதல் வேண்டும். ஒன்று, அரசினர் தாளில் எழுதித் தருவது. மற்றொன்று, அந்நாட்டு மக்கள் தம் உள்ளத்தில் தருவது. முன்னதைப் பெற்றோர் பலர். பின்னதைப் பெற்றோர் சிலர். பின்னதை நிரம்பப் பெற்றிருந்தும் முன்னதை ஒரே நாளில் இழந்தவர் ஒருவர் உண்டு. ஊமைப்படங்களின் வாயிலாக உலகையே நகைக்கவும் கண் கலங்கவும் செய்த சார்லி சாப்ளினே அவர்.

இளமையும் வறுமையும்

சார்லஸ் ஸ்பென்சர் சாப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 16ஆம் நாள் இங்கிலாந்தில் பிறந்தார். லண்டன் மாநகரின் தென்பகுதியில் ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த தெருக்களில் அவர் இளமை கழிந்தது. தந்தையும் தாயும் இசையரங்குகளில் பாடிப் பொருளீட்டியவர்கள். தந்தை மதுவுக்கு அடிமையாகிக் குடும்பத்தை விட்டுப் பிரிந்தார். தாய் ஹன்னா, மூத்த மகன் சிட்னியையும் இளையவர் சார்லியையும் தனியே வளர்க்கும் நிலைக்கு உள்ளானார்.

தாம் முதன்முதலில் மேடையேறிய நிகழ்ச்சியைச் சாப்ளின் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அப்போது அவருக்கு வயது ஐந்து. ஒரு நாள் மேடையில் பாடிக்கொண்டிருந்த தாயின் குரல் திடீரெனக் கம்மிவிட்டது. அவையோர் கூச்சலிட்டு எள்ளி நகைத்தனர். தாய் மேடையை விட்டு இறங்கவே, சிறுவன் சார்லி அவருக்கு மாற்றாக நின்று பாடினான். அவையோர் மகிழ்ந்து காசுகளை வீசினர். சிறுவனோ பாட்டை நிறுத்திவிட்டு, முதலில் காசுகளைப் பொறுக்கிக் கொள்வதாகக் கூறினான். அரங்கம் சிரிப்பால் அதிர்ந்தது. மகன் மேடையேறிய அந்நாளே தாயின் மேடை வாழ்வு முடிந்த நாளாயிற்று.

பின்னர் ஹன்னா தையல் வேலை செய்து மக்களைக் காக்க முயன்றார், இயலவில்லை. 1896இல், சார்லிக்கு ஏழு வயது நடந்தபோது, மூவரும் லாம்பெத் ஏழையர் விடுதியில் சேர நேர்ந்தது. அங்கிருந்து பிள்ளைகள் இருவரும் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். துயரம் மிகுதியால் தாயின் மனநிலை திரிந்தது. அவர் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 1901இல் தந்தையும் இறந்தார். பள்ளிக்கல்வி பெற வேண்டிய வயதில் சார்லி பசியையும் தனிமையையுமே கற்றார் எனலாம்.

மேடையிலிருந்து கடலுக்கு

எட்டுச் சிறுவர்கள் மரக்காலணி அணிந்து ஆடும் நடனக் குழுவொன்றில் அவர் முதலில் இடம் பெற்றார். 1903இல் துப்பறியும் ஷெர்லாக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவற்சிறுவன் வேடம் கிடைத்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பதே அரிதாயிருந்த தம்பிக்கு அண்ணன் சிட்னி உரையாடலைப் படித்துக் காட்டினார். தம்பி கேட்டு மனத்தில் பதித்துக் கொண்டார். 1908இல், சிட்னி முன்னரே சேர்ந்திருந்த பிரெட் கார்னோ நகைச்சுவை நாடகக் குழுவில் சார்லியும் சேர்ந்தார். சொற்களின் துணையின்றி உடலசைவாலேயே நகைப்பூட்டும் கலையை அவர் அங்கே செம்மையாகப் பயின்றார்.

1910இல் அக்குழு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. பின்னாளில் லாரல் ஹார்டி இணையில் ஒருவராகப் புகழ்பெற்ற ஸ்டான் லாரலும் அப்பயணத்தில் உடன் சென்றார். ஊர் ஊராக நாடகமாடிவிட்டு 1912இல் திரும்பிய குழு, அவ்வாண்டே மீண்டும் அமெரிக்கா சென்றது. அவ்விரண்டாம் பயணமே சாப்ளினின் வாழ்வை மாற்றியது. அவர் நடிப்பைப் பற்றி அறிந்த திரைப்பட நிறுவனத்தார், 1913இல் வாரம் 150 டாலர் ஊதியத்தில் அவரை ஒப்பந்தம் செய்து கொண்டனர். திரைப்படம் நிலைத்து நிற்கும் கலை என்று அந்நாளில் சாப்ளினும் நம்பவில்லை. ஓராண்டு நடித்துப் பெயர் பெற்று, பிறகு மேடைக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணித்தான் கலிபோர்னியா சென்றார்.

உலகம் கண்ட நாடோடி

1914ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர் நடித்த முதற்படம் வெளிவந்தது. அதே திங்களில் அவர் புதியதொரு கோலத்துடன் திரையில் தோன்றினார். இறுக்கமான மேற்சட்டை, தொளதொளத்த காற்சட்டை, அளவில் பெரிய காலணி, சிறிய தொப்பி, கையில் பிரம்பு, மூக்கின் கீழ் சிறு மீசை ஆகிய இவையே அக்கோலம். வறியவனாயினும் பண்புடையவன், அடிக்கடி விழுபவனாயினும் மீண்டும் எழுபவன். அந்த நாடோடியை அறியாத நாடு இல்லை என்னும் நிலை விரைவில் ஏற்பட்டது. ஊமைப்படத்துக்கு மொழி வேலி இல்லாமையால் எல்லா நாட்டு ஏழைகளும் அவனைத் தம்முள் ஒருவனாகவே கருதினர்.

ஊதியமும் வியக்கத்தக்க வகையில் உயர்ந்தது. 1915இல் வாரம் 1,250 டாலர் பெற்றவர், 1916இல் ஆண்டுக்கு 6,70,000 டாலர் பெறும் நிலையை எய்தினார். அப்போது அவருக்கு வயது 26. 1919இல் மேரி பிக்போர்டு, டக்ளஸ் பேர்பாங்க்ஸ், கிரிபித் ஆகிய மூவருடன் சேர்ந்து, கலைஞர்கள் தம் படங்களைத் தாமே வெளியிடும் பொருட்டு ‘யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்’ நிறுவனத்தைத் தொடங்கினார். செல்வம் வந்தபின் தாயை அவர் மறக்கவில்லை. 1921இல் ஹன்னாவைக் கலிபோர்னியாவுக்கு வரவழைத்து, 1928இல் அவர் இறக்கும் வரை பேணினார்.

1917இல் அவர் எடுத்த ஒரு படத்தின் பெயர் ‘தி இமிக்ரன்ட்’. குடியேற வருபவன் என்பது அதன் பொருள். கடலில் அல்லலுற்ற ஏழைப் பயணிகள் நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவியின் சிலையைக் கண்டு மெய்மறந்து நிற்கின்றனர். மறுகணமே அதிகாரிகள் மந்தையைத் தளைப்பது போல் அவர்களைக் கயிற்றால் வளைக்கின்றனர். கண்டோர் சிரித்தனர். சிரிப்பின் அடியில் மறைந்திருந்த உண்மை 35 ஆண்டுகள் கழித்துச் சாப்ளினுக்கே நேரும் என அன்று எவரும் அறியார்.

அவர் உழைப்பு அளவற்றது. ‘சிட்டி லைட்ஸ்’ படத்தில் பார்வையற்ற பூக்காரியைச் சந்திக்கும் சிறு காட்சியை 300 தடவைக்கும் மேல் எடுத்தார். பேசும்படங்கள் பரவிவிட்ட பின்னரும், 1931இல் அப்படத்தை உரையாடலின்றியே வெளியிட்டு வெற்றி கண்டார். அவ்வாண்டு செப்டம்பர்த் திங்களில் லண்டனில் காந்தியடிகளைச் சந்தித்து, இயந்திரங்களால் மனிதர்க்கு விளையும் நன்மை தீமைகளைப் பற்றி உரையாடினார். இயந்திரத்தின் பிடியில் தொழிலாளி படும் பாட்டைக் காட்டும் ‘மாடர்ன் டைம்ஸ்’ 1936இல் வெளிவந்தது. தம்மினும் நான்கு நாட்களே இளையவரான இட்லரை எள்ளி நகையாடி, 1940இல் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ எடுத்தார். அமெரிக்கா போரில் இறங்குவதற்கு முன்னரே அப்படத்தை எடுக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

மூடிய கதவு

நாற்பது ஆண்டு அமெரிக்காவில் வாழ்ந்தும் சாப்ளின் அந்நாட்டுக் குடியுரிமையைக் கோரவில்லை. பிரிட்டிஷ் குடிமகனாகவே இருந்தார். இரண்டாம் உலகப் போரின்போது ரஷ்யாவுக்கு உதவ வேண்டுமென்று மேடைகளில் முழங்கினார். போருக்குப்பின் பொதுவுடைமையர் மீது அமெரிக்காவில் அச்சமும் ஐயமும் பெருகின. தாம் பொதுவுடைமையர் அல்லர் என்று அவர் கூறியும் பகைத்தவர் நம்பவில்லை. அவருடைய மணவாழ்க்கையில் நேர்ந்த முறிவுகளும் வழக்குகளும் குறை கூறுவோர்க்குக் கருவியாயின.

1952ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், தம் ‘லைம்லைட்’ படத்தின் வெளியீட்டுக்காக மனைவி ஊனாவுடனும் மக்களுடனும் லண்டன் புறப்பட்டார். திரும்பி வருவதற்குரிய இசைவுச்சீட்டையும் முறைப்படி பெற்றிருந்தார். கப்பல் நடுக்கடலில் சென்றுகொண்டிருந்தபோது, செப்டம்பர் 19ஆம் நாள், அவ்விசைவை அமெரிக்க அரசு நீக்கிவிட்டது. மீண்டும் வர விரும்பினால் அரசியல் கருத்துகளையும் ஒழுக்கத்தையும் பற்றிய விசாரணைக்கு உட்பட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. தாம் இளமையில் பசியுடன் திரிந்த லண்டன் இசையரங்குகளைப் பற்றிய படத்தை எடுத்துச் சென்ற வேளையிலேயே, தாம் புகழ் ஈட்டிய நாட்டின் கதவு அவருக்கு அடைக்கப்பட்டது.

சாப்ளின் மன்றாடவில்லை. ஊனா தனியே அமெரிக்கா சென்று குடும்பப் பொருள்களைச் சேர்த்துக் கொண்டு திரும்பினார். 1953இல் அவர்கள் சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரை அருகே குடியமர்ந்தனர். அவ்வாண்டு ஏப்ரலில் சாப்ளின் இசைவுச்சீட்டைத் தாமே ஒப்படைத்துவிட்டார். பின்னர் ஊனாவும் அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தார்.

திறந்த கதவு

இருபது ஆண்டுகள் சென்றன. தலைமுறை மாறியது, அச்சமும் தணிந்தது. 1972இல் அமெரிக்கத் திரைப்படக் கலைக்கழகம் சிறப்பு விருது அளிக்கச் சாப்ளினை அழைத்தது. 82 வயது முதியவர், தளர்ந்த நடையுடன் மேடைக்கு வந்தார். அவையினர் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். ஐந்து வயதில் காசுகளைப் பொறுக்கி அவையைச் சிரிக்க வைத்தவர், அன்று கண் கலங்கிச் சொல்லின்றி நின்றார். தடைக்கு உள்ளான பயணத்தில் அவருடன் சென்ற ‘லைம்லைட்’ படத்தின் இசைக்கும் 1973இல் அக்கழகத்தின் பரிசு கிடைத்தது.

1975இல் இங்கிலாந்து அரசி அவருக்குச் ‘சர்’ பட்டம் வழங்கினார். ஏழையர் விடுதியில் வளர்ந்த சிறுவனை அவன் பிறந்த நாடு இவ்வாறு சிறப்பித்தது. 1977ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள், சுவிட்சர்லாந்தில் தம் 88ஆம் வயதில் சாப்ளின் இயற்கை எய்தினார்.

அரசினர் தந்த சீட்டை அரசினரே நீக்கினர். மக்கள் தந்த இடத்தையோ எவராலும் நீக்க இயலவில்லை. தடை நிலவிய இருபது ஆண்டுகளிலும் அந்த நாடோடி உலகெங்கும் திரைகளில் நடந்துகொண்டேதான் இருந்தான். வேற்று நாட்டில் உழைக்கச் செல்பவருக்கு அந்நாட்டின் சட்டம் கதவைத் திறக்கலாம், மூடவும் செய்யலாம். ஆனால் உண்மையான உழைப்பால் மாந்தர் உள்ளத்தில் பெற்ற இடம் நிலையானது. சாப்ளின் வாழ்வு உணர்த்தும் பாடம் இதுவே.