சதுரங்க அரசி வேரா மென்சிக்

(மூன்றாமாண்டு பி.ஏ. வரலாறு மாணவி)

பெண்களுக்கென உலகச் சதுரங்கப் பட்டம் ஒன்று உண்டு என்பதை நம்மில் பலர் அறிவோம். அதை முதன்முதலில் வென்றவர் யார் என்று கேட்டால் விடை சொல்வோர் குறைவு. அவரே வேரா மென்சிக்.

1906 பிப்ரவரி 16-இல் மாஸ்கோவில் பிறந்தார். தந்தை செக் இனத்தவர், தாய் ஆங்கிலேயர். ஒன்பதாம் வயதில் தந்தைதான் சதுரங்கம் பழக்கினார். தந்தைக்குச் சொந்தமாக ஓர் ஆலை இருந்தது. 1917 புரட்சிக்குப் பின் அது கைவிட்டுப் போயிற்று. சொந்தத் தறியை விற்றுவிட்டுக் கூலிக்குப் பட்டு நெய்ய உட்கார்ந்த குடும்பங்கள் எங்கள் தேவிகாபுரத்திலும் உண்டு. ஆகவே அந்த இழப்பை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

1921-இல் தாயுடனும் தங்கை ஓல்காவுடனும் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகருக்கு வந்தார். ஆங்கிலம் சரளமாக வராது. பேசாமலே ஆடக்கூடிய ஆட்டம் சதுரங்கம் அல்லவா? 1923-இல் அவ்வூர்ச் சதுரங்கக் கழகத்தில் சேர்ந்தார். ஹங்கேரி நாட்டு மேதை கேசா மரோட்சி அவருக்கு ஆசானாக வாய்த்தார்.

1927-இல் லண்டனில் நடந்த முதல் மகளிர் உலகப் போட்டியில் பதினொரு ஆட்டங்களில் பத்தில் வெற்றி, ஒன்றில் சமநிலை. பட்டம் அவருடையதாயிற்று. அதன்பின் 1939 வரை நடந்த ஆறு போட்டிகளிலும் அவரே வென்றார். அந்த ஏழு போட்டிகளிலும் சேர்த்து அவர் தோற்றது ஒரே ஓர் ஆட்டத்தில்தான்.

ஆயினும் இந்த ஏழு பட்டங்களைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் கடைசி இடம் பெற்ற ஒரு போட்டி!

1929-இல் கார்ல்ஸ்பாட் நகரில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் கூடினர். இருபத்திரண்டு பேரில் பெண் இவர் ஒருவரே. ஆஸ்திரிய வீரர் ஆல்பர்ட் பெக்கர், இவரிடம் தோற்பவர்களைக் கொண்டு வேரா மென்சிக் சங்கம் என ஒன்று தொடங்கலாமென ஏளனம் செய்தார். அப்போட்டியிலேயே இவரிடம் தோற்று, அச்சங்கத்தின் முதல் உறுப்பினரானவர் அதே பெக்கர்தான். ஆனால் 21 ஆட்டங்கள் முடிந்தபோது மென்சிக் பெற்றவை மூன்று புள்ளிகளே.

சென்ற ஆண்டு வெளியூரில் ஒரு போட்டிக்குப் போனோம். பெண்கள் நால்வரே வந்திருந்ததால் மகளிர் பிரிவை நீக்கிவிட்டார்கள். ஆண்களோடு ஆடுகிறோம் என்றோம். வீணாகத் தோற்பீர்கள் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். தோற்றுத்தான் இருப்போம். தோற்பதற்கும் பலகையின் முன் ஓரிடம் வேண்டுமே! மென்சிக் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை. 1935-இல் மாஸ்கோவில் மீண்டும் கடைசி இடம். அதன் பிறகும் ஆடினார்.

எப்போதும் தோற்றார் என்று நினைத்துவிடலாகாது. 1929-இலேயே ராம்ஸ்கேட்டில் காபபிளாங்காவுக்கு அடுத்தபடியாக ரூபின்ஸ்டைனுடன் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார். ஆசான் மரோட்சி அங்கே இவருக்குப் பின்தான். பிற்பாடு 1935-இல் உலக வீரரான மாக்ஸ் யூவே இவரிடம் இருமுறை தோற்றவர். மூன்று முறை பிரிட்டிஷ் பட்டம் வென்ற நம் பஞ்சாபைச் சேர்ந்த சுல்தான் கானும் அச்சங்கத்தில் ஓர் உறுப்பினரே. (சுல்தான் கான் பணிபுரிந்த சர் உமர் ஹயாத் கான் வீட்டிலேயே பணிப்பெண்ணாக இருந்த பாத்திமா 1933-இல் பிரிட்டிஷ் மகளிர் பட்டம் வென்றார். அவர் கதை தனியே எழுதத் தக்கது.)

1937-இல் ஸ்டீவன்சன் என்பவரை மணந்தார். 1943-இல் கணவரை இழந்தார். 1944 ஜூன் மாத இறுதியில் ஜெர்மானியரின் பறக்கும் குண்டு ஒன்று லண்டன் கிளாப்பம் பகுதியில் அவர் வீட்டின்மீது விழுந்தது. தாய், தங்கை, அவர் மூவரும் ஒருங்கே மாண்டனர். அப்போது அவருக்கு வயது 38. உலகப் பட்டம் அவரிடமே இருந்தது. 1950-இல் சோவியத் வீராங்கனை லுட்மிலா ருடென்கோ வெல்லும்வரை அப்பட்டத்துக்கு உரியவர் எவருமில்லை.

மகளிர் சதுரங்க ஒலிம்பியாடில் வெல்லும் அணிக்குத் தரப்படுவது வேரா மென்சிக் கோப்பை. 2022-இல் நம் மாமல்லபுரத்துக்கே அது வந்தது. உக்ரைன் கொண்டுசென்றது, நமக்கு வெண்கலம். 2024-இல் புடாபெஸ்ட் நகரில் இந்தியப் பெண்கள் அதை வென்றார்கள். அந்த அணியில் சென்னையின் வைஷாலியும் ஆடினார்.